பல்லடம் கோழிப் பண்ணை ரவுட்டர்கள்: 19.07-லிருந்து 24.10-க்கு வந்த பேக்கேஜ்களின் கதை

பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டைப் பக்கம் பிராய்லர் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ரவுட்டர் என்பது யூடியூப் பார்க்கிற பெட்டி மட்டுமில்லை. நாங்கள் கவனித்துக்கொள்ளும் பண்ணைகளில் ஷெட்டுக்குள் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார்கள் வைஃபை வழியாக அந்த ரவுட்டரோடுதான் பேசுகின்றன. ரவுட்டருக்குள் ஓடும் மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கர், அதாவது செய்திகளை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் இடைத்தரகு நிரல், அளவுகளை வாங்கிக்கொள்ளும். எங்கள் சிறு நிரல் ஒன்று அவற்றைப் பார்த்து, அளவு எல்லை தாண்டினால் 4ஜி டாங்கிள் வழியாகப் பண்ணைக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். இணையம் போனாலும் ஷெட்டுக்குள் வேலை நிற்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் ரவுட்டரிலேயே வைத்தோம். குஞ்சு இறக்கிய முதல் சில நாள் புரூடருக்கு அடியில் 32, 33 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் வளர்ந்த கோழிக்கு அதே 33 டிகிரி ஆபத்து. ஆகவே இந்தப் பெட்டி பொய் சொல்லவும் கூடாது, பேசாமல் இருந்துவிடவும் கூடாது.

எம்டி7621 சிப் போட்ட இந்த ரவுட்டர்களில் ஓடுவது ஓப்பன்டபிள்யூஆர்டி, ரவுட்டர்களுக்கான திறந்த மூல லினக்ஸ் இயங்குதளம். தலைப்பில் உள்ள 19.07, 24.10 இரண்டும் அதன் பதிப்பு வரிசைகள். 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரலை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின்படி வெளியிட வேண்டி வந்ததே இதற்கு விதை. 2004-ல் திட்டம் தொடங்கியது. 2016-ல் ஒரு பகுதியினர் பிரிந்து லீட் என்ற பெயரில் தனியாகப் போனார்கள், 2018-ல் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். இன்று அதன் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை, அதாவது தனித்தனியாக நிறுவக்கூடிய நிரல் தொகுப்புகளை, தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல்தான் எங்கள் பிழைப்பும் நடக்கிறது.

இந்த ஆய்வுக்குக் காரணமான நிலைமை இது. பண்ணைகளில் ஓடிக்கொண்டிருந்தது 2020 மே மாதம் வந்த 19.07.3. அந்த 19.07 வரிசைக்கு 2022 ஏப்ரலில் 19.07.10-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. இடையில் 2021 ஜனவரியில், இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலில் ஏழு ஓட்டைகள் வெளியே வந்தன. டிஎன்எஸ்பூக் என்று பெயர் வைத்தார்கள். டிஎன்எஸ் பதிலில் நஞ்சைக் கலந்து ஆளை வேறு இடத்துக்குத் திருப்பிவிடக்கூடிய ஓட்டைகளும் அதில் உண்டு. 2.83 பதிப்பில் சரிசெய்து, ஓப்பன்டபிள்யூஆர்டி அதே மாதம் 19.07.6-ஐ விட்டது. எங்கள் பண்ணைப் பெட்டிகளுக்கு அது வந்து சேரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் மையம். அந்த ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் எழுதும் முழு மென்பொருளை, முதலில் உருவாக்கிக் கொடுத்தவர்கள், தேவையான பேக்கேஜ்களைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து அப்படியே நகலெடுத்துத் தனிக் களஞ்சியத்தில் வைத்து, அங்கேயே ஒட்டு (பேட்ச், மூல நிரலில் செய்யும் சிறு திருத்தம்) போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். மொஸ்கிட்டோ 1.6 அதில் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு ஃபீடுகளில் (பில்ட் கருவி பேக்கேஜ்களை எடுக்கும் களஞ்சியங்கள்) பேக்கேஜ் இருந்தால், ஃபீட்ஸ் கோப்பில் முதலில் எழுதியிருப்பதைத்தான் பில்ட் எடுத்துக்கொள்ளும். தனி ஃபீட் முதல் வரியில் இருந்தது. பொதுக் களஞ்சியத்தில் மொஸ்கிட்டோ எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் பண்ணைக்குப் போனது என்னவோ அதே பழைய நகல்தான். எந்தத் தேதிக் களஞ்சியத்திலிருந்து நகலெடுத்தார்கள் என்பதும் எங்கும் குறிக்கப்படவில்லை. ஃபீட் வரியின் கடைசியில் ஒரு கேரட் (^) குறி போட்டு கமிட் எண்ணை, அதாவது களஞ்சியத்தின் அந்த நிலைக்கான அடையாளத்தை, எழுதியிருந்தால் போதும், அதே பில்டை இன்றைக்கும் எழுப்பிப் பார்த்திருக்கலாம்.

முதல் வேலையாக ஒட்டுகளைப் பிரித்தோம். ஒவ்வொரு ஒட்டும் எதற்காகப் போடப்பட்டது என்று கேட்டு, பதிலை எழுதி வைத்தோம். இது சலிப்பான வேலைதான், ஆனால் மொத்தப் பணியிலும் இதைவிடப் பலன் தந்தது வேறொன்றில்லை. பாதிக்கு மேல், மூலத் திட்டத்திலேயே எப்போதோ சரியாகிவிட்ட பிழைகளுக்கான திருத்தங்கள். அவற்றை நீக்கினோம். சில ஒட்டுகள், கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் முடியக்கூடியதைச் சி நிரலுக்குள் போய் மாற்றியிருந்தன. அவற்றையும் எடுத்துவிட்டு, கான்ஃபிக்கில் எழுதினோம். இறுதியில் உண்மையிலேயே தேவைப்பட்டவை ஒரு கைப்பிடிதான்.

அந்தக் கைப்பிடியில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்சார் அளவுகளைப் பிரித்துத் தரும் ஒரு சிறு சி++ நூலகம், என் மடிக்கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் பில்ட் ஆகும். எம்டி7621-க்கு பில்ட் செய்தால் கடைசி இணைப்புக் கட்டத்தில், 'அட்டாமிக் ஃபெட்ச் ஆட் 8' என்ற ஃபங்ஷன் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். கடைசியில் வருகிற அந்த 8 எட்டு பைட்டைக் குறிக்கிறது. நூலகத்துக்குள் 64 பிட் எண்ணிக்கை ஒன்றைப் பல திரெட்கள் (ஒரே நிரலின் இணையான ஓட்டங்கள்) ஒரே நேரத்தில் கூட்டுகின்றன. 64 பிட் கணினியில் பிராசசரே இதை ஒரே மூச்சில் செய்துவிடும். எம்டி7621-ல் உள்ள 32 பிட் மிப்ஸ் பிராசசருக்கு அந்தத் திறன் கிடையாது, எனவே கம்பைலர் லிப்அட்டாமிக் நூலகத்தின் உதவியைத் தேடுகிறது. பில்ட் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் இணைப்புக் கொடியாக அட்டாமிக்கைச் சேர்த்து, பேக்கேஜின் சார்புப் பட்டியலிலும் லிப்அட்டாமிக்கை எழுதினால் தீர்ந்தது. பழைய தனி ஃபீடில் இதைத் தீர்த்திருந்த விதம் வேறு: எண்ணிக்கையை 32 பிட்டாகச் சுருக்கி ஒரு ஒட்டு. பில்ட் ஆனது உண்மைதான். ஆனால் நூலகம் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த ஒட்டு இடறியது. அந்த இடறலுக்குப் பயந்தே அதை யாரும் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஒட்டு இடறுவது என்றால் என்ன? ஒட்டுக் கோப்பில் சுற்றியுள்ள சில வரிகளும் அடையாளத்துக்காக இருக்கும். மூலத்தில் அந்த வரிகள் அடியோடு மாறிவிட்டால் ஒட்டு பொருந்தாமல் நின்றுவிடும். கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் கருவி தானே சமாளித்து ஒட்டிவிடும். அப்படிச் சமாளிப்பது சில நேரம் தப்பான இடத்தில் போய் ஒட்டவும் செய்யும். அதனால்தான் ஓப்பன்டபிள்யூஆர்டியில் பதிப்பை உயர்த்தும்போது எல்லா ஒட்டுகளையும் குவில்ட் என்ற ஒட்டு மேலாண்மைக் கருவி கொண்டு ரெஃப்ரெஷ் செய்து, துல்லியமாகப் பொருந்தும்படி எழுதித் தரச் சொல்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு இது வீண் கெடுபிடி போலத் தெரியலாம். இந்த ஒரு பழக்கம் காப்பாற்றிய பெட்டிகள் எத்தனையோ இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அந்த லிப்அட்டாமிக் திருத்தத்தைப் பொதுக் களஞ்சியத்துக்கே அனுப்பினோம், ஏனென்றால் நூலகம் அங்கேயே இருந்தது. ரிவ்யூ செய்தவர்கள் கேட்டது எல்லாம் நியாயமானவை. கமிட்டின் தலைப்பு பேக்கேஜ் பெயரில் தொடங்க வேண்டும். அனுப்புபவர் தன் பெயரோடு பொறுப்பேற்கும் சைன்ட்-ஆஃப் வரி வேண்டும். எந்த ரவுட்டரில், எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று எழுத வேண்டும். மூலப் பதிப்பு மாறாமல் மேக்ஃபைல் மட்டும் மாறினால் ரிலீஸ் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும், பதிப்பு மாறினால் அதை மறுபடி 1-க்குக் கொண்டுவர வேண்டும். இந்த ரிலீஸ் எண் சின்ன விஷயமாகத் தோன்றும். அதைக் கூட்ட மறந்தால் புதிய பைனரி உருவானாலும், பெட்டியில் இருக்கும் பேக்கேஜ் மேலாளருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. திருத்தம் ஏற்கப்பட்டதும் நிலையான கிளைக்கும் செர்ரி-பிக் செய்து, அதாவது அந்த ஒரு கமிட்டை மட்டும் எடுத்து, அனுப்பினோம். அத்தோடு அந்த ஒட்டு எங்கள் தோளிலிருந்து இறங்கியது. அடுத்த கம்பைலர் மாறும்போது அது உடைந்தால் தானியங்கி பில்ட் சர்வரான பில்ட்பாட் கண்டுபிடிக்கும், உலகின் வேறு மூலையில் இருப்பவரும் பார்ப்பார்.

பொதுவில் வைப்பதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. தனி ஃபீடில் இருந்த ஒரு பேக்கேஜின் மூல முகவரி செத்துப்போயிருந்தது. தளமே இல்லை. பொதுக் களஞ்சியத்தில் உள்ளவற்றுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி தன் கண்ணாடிச் சர்வரில் மூலக் கோப்பின் நகலை வைத்திருக்கிறது. தனியாக வைத்துக்கொண்டதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இன்னொன்றில் கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் டார் கோப்பை (மூல நிரல் கட்டு) மூலமாகக் கொடுத்திருந்தார்கள். 2023 ஜனவரி கடைசியில் கிட்ஹப் தன் சுருக்கும் முறையை மாற்றியபோது அத்தகைய கோப்புகளின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒரே இரவில் மாறி, உலகெங்கும் பில்ட்கள் நின்றன. பிறகு அவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். மேக்ஃபைலில் எழுதும் ஷா256 ஹேஷ், கோப்பு ஒரு பைட்கூட மாறவில்லை என்று மட்டுமே உறுதி சொல்லும். கோப்பு நல்லதா என்பது அதற்குத் தெரியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 டார் கோப்புகளில் பின்கதவு இருந்தது வெளியானபோது இது எல்லாருக்கும் உறைத்தது. பதிப்பு எண்ணை மாற்றி, புது ஹேஷை ஒட்டிவிட்டுப் போவதை நான் பராமரிப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு பதிப்புக்கும் இடையில் என்ன மாறியது என்று படிக்க வேண்டும்.

படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொஸ்கிட்டோவைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்காது. 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் இரண்டு இயல்பு நடத்தைகள் மாறின. கான்ஃபிக்கில் லிசனர் (எங்கே இணைப்பை ஏற்பது என்று சொல்லும் வரி) எதுவும் எழுதவில்லை என்றால் புரோக்கர் தன் பெட்டிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். லிசனர் எழுதினாலும், பெயரில்லாமல் வருபவரை உள்ளே விடாது. 1.6-ல் இரண்டும் நேர்மாறு. மாற்றம் சரியானதுதான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. திறந்து கிடந்த புரோக்கர்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் எங்கள் பண்ணைகளின் கான்ஃபிக் கோப்பில் லிசனர் வரியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை.

கோவையில் எங்கள் மேசையில் இருந்த சோதனை ரவுட்டரில் புதிய படிமத்தை (ஃபர்ம்வேர் இமேஜ்) ஏற்றியதும் இது கண்ணெதிரே தெரிந்தது. புரோக்கர் ஓடுகிறது. சர்வீஸ் பச்சையாக இருக்கிறது. பிழை என்று எதுவும் இல்லை. லாக்கில் மட்டும் ஒரு வரி: உள்ளூர் முறையில் மட்டும் தொடங்குகிறேன், இந்தக் கணினியில் ஓடும் நிரல்கள் மட்டுமே இணையலாம் என்று. எங்கள் எஸ்எம்எஸ் நிரல் ரவுட்டருக்குள்ளேயே இருப்பதால் அதுவும் இணைந்து, அளவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சென்சார்களோ ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டித் திரும்புகின்றன. நிலையை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் இதைத் தேறியதாகவே காட்டியிருக்கும். இதே படிமம் ஒரு மதியம் ஷெட்டுக்குப் போயிருந்தால் எஸ்எம்எஸ் வராது. வராத எஸ்எம்எஸ்-க்குப் பண்ணையில் ஒரே பொருள்தான், எல்லாம் சரி என்று.

எனவே சோதனையை மாற்றினோம். வெளியே இருக்கும் ஒரு சென்சாரிலிருந்து செய்தி போய், எஸ்எம்எஸ் நிரலின் மறுமுனையில் வந்து சேர்ந்தால்தான் பில்ட் தேறியதாகக் கணக்கு. அளவு குறிப்பிட்ட நேரம் வரவில்லை என்றால் அதற்கே தனி எஸ்எம்எஸ் போகும்படி நிரலையும் திருத்தினோம். கடவுச்சொல் விஷயத்தில் வரிசை முக்கியமாக இருந்தது. கடவுச்சொல் கோப்பு இல்லாத 1.6 புரோக்கர், யாராவது பெயரும் கடவுச்சொல்லும் சொன்னாலும் தகராறு செய்யாமல் ஏற்றுக்கொள்ளும். அதனால் முதலில் சென்சார்களுக்கு அவற்றைக் கொடுத்து, பழைய புரோக்கரோடு ஓட விட்டு, அப்புறம் ரவுட்டரை மாற்றினோம். எந்தக் கட்டத்திலும் அளவு அறுபடவில்லை. பேக்கேஜை மேம்படுத்தும்போது பழைய கான்ஃபிக் கோப்பு அப்படியே தங்கிவிடும் என்பதையும், புதிய மாதிரிக் கோப்பு பக்கத்தில் பேக்கேஜ் மேலாளரின் பெயரான ஓபிகேஜி என்ற வால் ஒட்டிய பெயரில் வந்து உட்காரும் என்பதையும் இந்த வேலைக்கு வருகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். வால் ஒட்டிய கோப்பு கண்ணில் பட்டால் திறந்து ஒப்பிட்டுவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து ஃபயர்வாலில் இருந்தது. சென்சார்கள் இணையத்துக்கே போகக் கூடாது என்பதற்கு லினக்ஸின் பழைய ஃபயர்வால் முறையான ஐபிடேபிள்ஸில் விதி ஒன்றைத் தனிக் கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் வந்த 22.03-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி ஐபிடேபிள்ஸை விட்டு என்எஃப்டேபிள்ஸுக்கு மாறியது. புதிய ஃபயர்வால்4, அந்தப் பழைய கோப்பை ஒத்துப்போகாதது என்று லாக்கில் சொல்லிவிட்டு ஒதுக்கிவிடும். எதுவும் நிற்காது, காவல் மட்டும் போய்விடும். விதியைத் தனிக் கோப்பில் வைக்காமல், சென்சார்களுக்குத் தனி ஸோன் (ஃபயர்வால் வட்டாரம்) போட்டு, அதிலிருந்து வெளியே எந்த ஃபார்வர்டிங்கும் தராமல், ஓப்பன்டபிள்யூஆர்டியின் பொது அமைப்பு முறையான யூசிஐ கான்ஃபிக்கிலேயே எழுதினோம். அடியில் எந்த ஃபயர்வால் வந்தாலும் அந்த எழுத்து செல்லும்.

எம்டி7621-க்கு 21.02-ல் சுவிட்ச் பகுதி, ஒவ்வொரு போர்ட்டையும் தனி இடைமுகமாகக் காட்டும் டிஎஸ்ஏ முறைக்கு மாறிவிட்டதால் பழைய நெட்வொர்க் கான்ஃபிக்கைக் கொண்டுபோக வழியில்லை. படிமம் ஏற்றும் கருவியான சிஸ்அப்கிரேடே அதைக் கண்டுபிடித்து, கான்ஃபிக்கை விட்டுவிட்டு வா என்று மறுத்துவிடும். ஆகவே சுத்தமான நிறுவல்தான். முழு ஃபர்ம்வேரையும் மூலத்திலிருந்து நாங்களே பில்ட் செய்வதையும் நிறுத்தினோம். அதிகாரபூர்வ எஸ்டிகேயில் (முன்பே தயாரான பில்ட் கருவித் தொகுப்பு) எங்கள் பேக்கேஜ்களை மட்டும் பில்ட் செய்து, இமேஜ் பில்டரில் அதிகாரபூர்வப் பேக்கேஜ்களோடு சேர்த்துப் படிமம் எடுக்கிறோம். கர்னல் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துண்டுகள்) தங்கள் கர்னலின் அடையாளத்தோடு இறுகப் பிணைந்தவை. சொந்தமாகக் கர்னல் பில்ட் செய்தால், நாளை ஒரு பண்ணையில் டாங்கிளை மாற்றும்போது அதற்கான மாட்யூலைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நிறுவ முடியாது. பண்ணைக்கான அமைப்புகளை முதல் பூட்டில் ஒருமுறை ஓடி, வேலை முடிந்ததும் அழிந்துவிடும் யூசிஐ-டிஃபால்ட்ஸ் ஸ்கிரிப்ட்டில் வைத்தோம்.

ஓடும் பெட்டியில் எல்லாப் பேக்கேஜையும் ஒரே கட்டளையில் ஏற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அப்படிச் செய்யவே கூடாது. ரூட் கோப்பு அமைப்பு படிக்க மட்டுமேயான ஸ்குவாஷ்எஃப்எஸ். ஏற்றும் புதிய பேக்கேஜ் அதன் மேலுள்ள ஓவர்லே என்ற எழுதக்கூடிய அடுக்கில் போய் உட்காரும், கீழே இருக்கும் பழைய நகல் ஒரு பைட்டையும் விட்டுத்தராது. இடம் பாதியில் தீர்ந்தால் பெட்டி எழும்பாமலே போகலாம். புதுப் படிமத்தையே ஏற்றுவதுதான் சரியான வழி.

எப்போது ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தது கோழிதான். காமநாயக்கன்பாளையத்தில் ஒரு பண்ணைக்காரர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஏனுங் தம்பி, பெட்டியில கை வெக்கறதுன்னா குஞ்சு எறக்கறதுக்கு முன்னாடி முடிச்சுப் போடோணுங். எறக்கிட்டா அப்பறம் கோழி புடிக்கற வரைக்கும் அது பக்கமே யாரும் போகக் கூடாதுங்க." ஒரு பேட்ச் ஏறக்குறைய நாற்பது நாள். கோழி பிடித்த பிறகு பழைய நார்க்கழிவை அள்ளி, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, புதிய நார்க்கழிவு பரப்பும் வரை ஷெட் காலியாக இருக்கும். அந்த இடைவெளி மட்டுமே எங்களுக்கு. எல்லாப் பண்ணைக்கும் ஒரே நாளில் காலியாகாது என்பது எங்களுக்கு வசதியாகவே அமைந்தது. முதலில் மாறிய பண்ணை ஒரு முழு பேட்ச் ஓடி முடிந்ததைப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போனோம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற மாதங்களில் வயர் அறுந்து மின்சாரம் போவது இங்கே சாதாரணம், படிமம் எழுதும்போது மின்சாரம் போனால் பெட்டி செத்துவிடும். அதனால் ஒவ்வொரு ரவுட்டரையும் சிறு டிசி யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுத்தான் ஏற்றினோம்.

இப்போது எம்டி7621 பண்ணைகள் எல்லாம் 2025 பிப்ரவரியில் வந்த 24.10 வரிசையில், 6.6 கர்னலில் ஓடுகின்றன. மொஸ்கிட்டோ பொதுக் களஞ்சியத்துடையது, ஒட்டு எதுவும் இல்லை. சில பண்ணைகளில் ஆரம்பத்தில் போட்ட 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் கொண்ட மலிவு ரவுட்டர்கள் இருந்தன. அந்த அளவுக்கு 19.07-தான் கடைசி என்பதால் அவற்றை மாற்றச் சொல்லிவிட்டோம். காசு செலவாகும் என்று தெரிந்தும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

மீதி வேலை ஒன்று கையில் இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் முதன்மைக் கிளை 2024 நவம்பரில் ஓபிகேஜியை விட்டு ஏபிகே பேக்கேஜ் மேலாளருக்கு மாறிவிட்டது. பதிப்பு எண் எப்படி எழுத வேண்டும் என்பதில் ஏபிகே கறார். எண்ணில் தொடங்க வேண்டும். கிட் கமிட்டின் நாளை வைத்துப் பதிப்பு எழுதினால் ஹைஃபன் கூடாது, புள்ளி வைத்து எழுதி, கமிட் எண்ணை டில்டே (~) குறிக்குப் பின் சேர்க்க வேண்டும். எங்கள் எஸ்எம்எஸ் நிரலின் பதிப்பில் ஊர்ப் பெயரை ஹைஃபன் போட்டுச் சேர்த்திருந்தார்கள். அதை மாற்றி, முதன்மைக் கிளையின் எஸ்டிகேயில் வாரந்தோறும் பில்ட் ஓட விட்டிருக்கிறோம். அடுத்த வரிசைக்கு மாறும் படிமம், பொங்கலூரில் அடுத்ததாகக் காலியாகும் ஷெட்டில் முதலில் ஏறும்.